சைபன் வாயில் போட்ட கயிறு

பேய்க்கதை கேட்க வந்திருந்தீர்கள் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். எனக்கு அதெல்லாம் ஆகாது. நான் பிறந்து வளர்ந்தது சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் கல்லறைத் தோட்டம், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நாங்கள் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடப்போம், கல்லறை மேல் உட்கார்ந்து உப்புத் தொட்டுப் புளியங்காய் தின்போம், எந்தப் பேயும் எழுந்து வந்து எனக்கொரு துண்டு கொடு என்று கேட்டதில்லை. அப்படி வளர்ந்தவள் நான். இன்றைக்கும் முனி, காத்து, கருப்பு என்று யாராவது என் முன்னால் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன்.

அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பவேண்டும் என்று நான் கெஞ்சப் போவதில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லையா, சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் ஒன்று. இது நடந்தது ராத்திரியில் இல்லை. உச்சி வெயில், தலையில் துண்டு போடாமல் நிற்க முடியாது, ரோட்டில் லாரி போய்க்கொண்டிருக்கிறது, பத்துப் பன்னிரண்டு பேர் கண் முன்னால் நடந்தது. ராத்திரியில் நடந்திருந்தால் நானே என்னை நம்பியிருக்க மாட்டேன்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் நாமக்கல் பக்கம். என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் கொடிக்கால் உண்டு. கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம்தான், அகத்தியை நட்டு அதில் கொடியை ஏற்றிக் கட்டுவார்கள். வெற்றிலை மாதிரி ரோசம் பிடித்த பயிர் வேறு கிடையாது. நெல் இரண்டு நாள் பொறுக்கும், வாழை ஒரு வாரம் பொறுக்கும், வெற்றிலையோ கால் ஈரம் காய்ந்தால் அன்றைக்கே முகத்தைத் தொங்கப் போட்டுவிடும். போர் போட்டும் பார்த்தோம், ரிக் வண்டி பூமிக்குள் போய்க்கொண்டே இருந்தது, மேலே வந்ததெல்லாம் வெள்ளைப் புகை. ஆக எங்களுக்கு வாய்க்கால் தண்ணீர்தான் கதி, அந்த வாய்க்காலில் நாங்கள் கடைமடை, கடைசி ஆட்கள். எங்களுக்குப் பிறகு தண்ணீர் போவதற்கு இடம் கிடையாது, எங்கள் வரைக்கும் அது வந்து சேருவதே பெரிய பாடு.

காரணம் ஆகாயத்தாமரை. நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஊதாப் பூ பூத்துக்கொண்டு அழகாக இருக்கும், போட்டோகூட எடுத்திருப்பீர்கள். அந்த அழகு எங்கள் வயிற்றில் அடிக்கிற அழகு. ஒரு செடி விழுந்தால் போதும், அடுத்த முறை பார்க்கும்போது வாய்க்காலை மூடிப் பாய் விரித்திருக்கும். ஆடு ஏறி நடக்கலாம் என்று தோன்றும், நடந்தால் உள்ளே போய்விடும். எங்கள் வாய்க்காலில் ஒரு கெட்ட பழக்கம். ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் எல்லைக்குள் இருப்பதை அரிவாளால் அறுத்துவிட்டு, மூங்கிலால் ஒரு தள்ளுத் தள்ளி, போ கீழே என்று அனுப்பிவிடுவார்கள். அவர்கள் வாய்க்கால் சுத்தமாகிவிடும். அது மிதந்து அடுத்த ஊருக்குப் போகும், அவன் அறுத்துத் தள்ளுவான், அப்படியே ஊர் ஊராக வந்து கடைசியில் எங்கள் தலையில் விடியும்.

எங்கள் தலைக்குக்கூட முழுதாக வராது. அதற்கு முன்னால் சைபன் இருக்கிறது. வாய்க்கால் ஒரு இடத்தில் தார் ரோட்டுக்கு அடியில் குழாய்க்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறும், அதைத்தான் சைபன் என்கிறோம். மேலே இருந்து வருகிற செடி எல்லாம் அந்தக் குழாய் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். அடைப்புக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கும், கீழே எங்கள் பக்கம் வாய்க்கால் தரையில் தட்டான் பறக்கும்.

சரி, அடைப்பை எடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் முனி வருகிறார். சைபன் சுவர் மேல் ஒரு கல் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருக்கிறார்கள். மதகு முனி. அவர் மடியில் கிடக்கிறதை எடுக்கக் கூடாதாம். எடுத்தவன் வீடு போய்ச் சேர மாட்டானாம். யார் எப்போது போய்ச் சேராமல் போனார்கள் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஒன்று கவனித்தேன். அடைப்பால் தண்ணீர் தேங்கி நின்றால் யாருக்கு லாபம்? சைபனுக்கு மேல்பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு. தண்ணீர் மட்டம் ஏறி, மோட்டார் இல்லாமலே அவர்கள் வாழைக்குப் பாயும். அதில் பெரிய தோட்டம் பெரியசாமி என்பவருடையது. முனிக்குக் கிடா வெட்டுகிறவரும் அவர்தான். இது போதாதா எனக்கு?

அந்த வருஷம் எங்கள் கொடி கட்டி முதல் வெற்றிலை கிள்ள ஆரம்பித்திருந்தோம். வாய்க்காலில் தண்ணீர் விட்டாகிவிட்டது, தலைமடைக்கெல்லாம் போய்விட்டது, எங்களுக்கு மட்டும் சொட்டு இல்லை. இலை ஓரம் சுருண்டு, பிறகு மஞ்சளாகி, காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் அந்தோணி பாத்தி ஓரம் உட்கார்ந்து ஒரு கொடியைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார். இந்தக் கொடி போனால் மறுபடி நட்டு அது ஏறி இலை கிள்ள ஒரு வருஷம் ஆகும், அந்த ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

வாய்க்கால் ஆபீசில் போய்ச் சொன்னோம், மண் அள்ளும் பொக்லைன் அனுப்பினார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் கை குழாய் வாய்க்குள் வளையவில்லை, மேலே கரண்ட் கம்பி வேறு. வெளியில் கிடந்ததை அள்ளிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அடைப்பு அப்படியே இருந்தது. ஆள் இறங்கிக் கொக்கி போட்டு இழுத்தால்தான் ஆகும்.

நான் பெரியசாமி தோட்டத்துக்கே போனேன். மனிதர் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதை மறைக்க மாட்டேன்.

"வாங்க அம்மிணி. உக்காருங்க. எளநி வெட்டச் சொல்றனுங்க."

"எளநியெல்லாம் வேணாம்ங்க. நாளைக்குச் சைபன் அடைப்பை எடுக்கப் போறோம். உங்க ஆளுங்களும் வந்தா சீக்கிரம் முடியும்."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "அதுல மட்டும் கை வெக்காதீங்க அம்மிணி. நீங்க சேலத்துல இருந்து வந்தவீங்க, உங்களுக்குத் தெரியாதுங்க. அது முனி எடமுங்க."

"முனி எடமா, உங்க வாழைக்குத் தண்ணி பாயற எடமா?"

அவர் முகம் சிவந்துபோய்விட்டது. "என்னுங்க அம்மிணி இப்படிப் பேசிப்போட்டீங்க. எங்கப்பனே அதைத் தொட்டதில்லீங்க. நீங்க தொட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊருல யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். என் பேரு ஜெசிந்தா. யாராச்சும் கேட்டா என்னைக் கை காட்டுங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கயிறு சங்ககிரியில் இருந்து வந்தது. என் தம்பி அங்கே லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறான், லோடு கட்டுகிற பெரிய நீல நைலான் கயிறு ஒரு சுருள் அனுப்பினான். கூடவே லாரி ஸ்பிரிங் பட்டையை வளைத்து ஒரு பெரிய பாதாளக் கரண்டியும் பட்டறையில் அடித்துக் கொடுத்தான். கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கிற கரண்டி இல்லை, இதைப் போட்டால் கிணற்றையே எடுத்து வந்துவிடும், அவ்வளவு பெரிது.

கடைமடைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். வராமல் என்ன செய்வார்கள், எல்லார் பயிரும்தான் காய்கிறது. கூலிக்குக் களை எடுக்கும் ராசம்மாவும் அவள் கூட்டத்துப் பெண்களும் வந்தார்கள், இழுக்கிறபோது குரல் கொடுக்க ராசம்மாவை விட்டால் ஆள் கிடையாது. வந்ததும் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கல்லுக்கு முன்னால் வைத்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"எதுக்குடி இது?"

"இருக்கட்டுங்க்கா. ஒரு பழம்தானுங்க. நீங்க ஏசுவைக் கும்பிட்டுக்கோங்க, நான் இவரைக் கும்பிட்டுக்கறேன், கவுறு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானுங்க."

அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. நான் எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொன்னேன். எடுக்கிற செடியை ஒருத்தரும் கீழே தள்ளிவிடக் கூடாது. கரையில் ஏற்ற வேண்டும், ஏற்றி, வேர் வானத்தைப் பார்க்கக் குப்புற அடுக்க வேண்டும். ஆகாயத்தாமரையைச் சும்மா கரையில் போட்டால் சாகாது, வேர் மண்ணைத் தொட்டால் பிழைத்துக்கொள்ளும், ஒரு மழை வந்தால் மறுபடி தண்ணீரில் போய் விழும். வேர் வெயிலைப் பார்த்தால்தான் சாகும். இந்த வாய்க்காலில் அப்படிச் செய்தது அதுவரை யாரும் இல்லை, தள்ளித்தான் பழக்கம். ஏன் இந்த வீண் வேலை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார்கள்.

பெரியசாமியும் வந்தார். உதவிக்கு இல்லை, பார்க்க. மோட்டார் சைக்கிளைக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதில் சாய்ந்து, கை கட்டிக்கொண்டு நின்றார். அவர் நின்ற இடம் எனக்கு நேர் எதிரே. நான் கயிற்றில் முன்னால் இருந்தேன், தலை நிமிர்ந்தால் அவர்தான் தெரிவார். வேண்டுமென்றே அவரைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். பார், நான் வீடு போய்ச் சேருகிறேனா இல்லையா என்று பார். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு முழுக்க என் கண் அந்த மனிதர் மேல்தான் இருந்தது.

காலையில் இருந்து இழுத்தோம். ஓரத்தில் இருந்த செடி எல்லாம் பிய்ந்து பிய்ந்து வந்தது. வெயில் ஏறிய பிறகுதான் கரண்டி உள்ளே போய் அடைப்பின் நடுவில் நன்றாகக் கடித்துக்கொண்டது. அந்தோணி கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கொக்கியை உலுக்கிப் பார்த்துவிட்டு, "பிடிச்சிருச்சு, இழுங்க," என்று சொல்லிக் கரை ஏறி என் பின்னால் வந்து பிடித்தார். ராசம்மா குரல் கொடுத்தாள்.

"ஏலோ!"

"ஐலசா!" என்று இழுத்தோம். கயிறு ஒரு முழம் வந்தது. சந்தோஷமாகிவிட்டது. மூச்சு வாங்க ஒரு நொடி நின்றோம். வந்த முழம் திரும்பப் போனது.

முதலில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. தண்ணீர் அழுத்தம், உள்ளே இழுக்கத்தானே செய்யும். மறுபடி ஏலோ, ஐலசா, ஒரு முழம் வந்தது. நாங்கள் நின்றோம். ஒரு முழம் போனது. மறுபடி. மறுபடி. அப்போது ராசம்மா குரலை நிறுத்திவிட்டாள். நாங்கள் இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு நின்றோம். கயிறு வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தது. நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். மறுபடி வெடுக்கென்று ஒரு இழுப்பு. நின்றது.

தண்ணீர் இழுத்தால் ஒரே சீராக இழுக்கும். இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுக்காது. அது ஆட்கள் இழுக்கிற இழுப்பு. எங்களை மாதிரியே ஒரு கூட்டம் அந்தக் குழாய்க்கு அந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. சொல்லும்போது இப்போதும் எனக்குக் கை மயிர் சிலிர்க்கிறது, பாருங்கள். பயந்தேன். பயப்படவில்லை என்று சொன்னால் அது அப்பட்டமான பொய்.

"அக்கட்ட யாராச்சும் இருக்காங்களானு பாருங்க," என்று பின்னால் ஒருத்தர் கத்தினார். கடைசியில் நின்றவர் மேட்டில் ஏறி ரோட்டுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒருத்தருமில்லீங்க, வெட்ட வெளியா கெடக்குதுங்க," என்றார்.

"முனிங்க அக்கா. உட்டுரலாமுங்க," ராசம்மா மெதுவாகச் சொன்னாள். பின்னால் ஒவ்வொரு கையாகத் தளர்வது எனக்குக் கயிற்றில் தெரிந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. எதிரே பெரியசாமி கை கட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் அந்தோணி மூச்சு வாங்குகிறார். அந்தக் காய்ந்த கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. பயம் எல்லாம் அப்படியே திரும்பிக் கோபமாகிவிட்டது. குழாய் வாயைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தேன்.

"யாருடா அது? முனியோ கினியோ, எவனா இருந்தாலும் கேட்டுக்கோ! எங்க கொடி காயுது! உனக்குத் தண்ணியா இல்லை? வாய்க்கால் முழுக்க உன் மடியிலதானே நிக்குது! குடிக்கறவன் குடி, குளிக்கறவன் குளி, அடைச்சு உக்காந்துக்கிட்டு ஊரைக் காய வைக்கறதுக்கு நீ யாரு? இழுக்கத் தெம்பு இருக்கில்ல? அப்ப எங்க கூடச் சேர்ந்து இழு! இல்லை, வெளியே வா, பேசிக்கலாம்!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன், சிலதெல்லாம் இங்கே சொல்ல முடியாது, பங்குச் சாமியார் காதில் விழுந்தால் அவ்வளவுதான். கத்தி முடித்ததும் கயிறு தொய்ந்துவிட்டது. சுத்தமாக. எங்கள் கைக்கும் குழாய்க்கும் நடுவில் இருந்த கயிறு தண்ணீரில் படுத்துவிட்டது. ரோட்டில் ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டு போனது, அது போன பிறகு ஒரு சத்தமும் இல்லை.

பிறகு ஒரு இழுப்பு வந்தது. அப்படி ஒரு இழுப்பை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் இல்லை, அந்தப் பக்கம். நைலான் கயிறு எல்லார் உள்ளங்கையையும் சுட்டுக்கொண்டு ஓடியது, அய்யோ அம்மா என்று எல்லோரும் விட்டுவிட்டோம், மிச்சக் கயிறு கரையில் இருந்து பாம்பு மாதிரி சரசரவென்று ஓடித் தண்ணீருக்குள் போய் மறைந்தது. உடனே குழாய்க்குள் 'கடக்' என்று ஒரு சத்தம், ஒரு பெரிய ஏப்பம் மாதிரி, அப்புறம் தேங்கி நின்ற தண்ணீர் சுழன்று உள்ளே இறங்க ஆரம்பித்தது. அடைப்பு போய்விட்டது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பெரியசாமி அதே இடத்தில் அதே மாதிரி கை கட்டி நின்றார். கண் மட்டும் நிலைகுத்தி இருந்தது. அடிபட்டுவிட்டதா என்றுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லையே இந்த மனிதர் என்று இன்னும் கோபம் வந்தது.

எல்லோரும் ரோட்டைத் தாண்டி ஓடினோம். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. யாரோ கைதட்டினார்கள், பாதியில் நிறுத்திவிட்டார்கள். கரையைப் பார்த்துவிட்டார்கள்.

அந்தக் குழாயில் வருஷக் கணக்காக அடைத்துக் கிடந்த அத்தனை செடியும் கரை மேல் இருந்தது. அள்ளி வீசின மாதிரி இல்லை. அடுக்கி இருந்தது. வரிசையாக, குப்புற, வேர் எல்லாம் வானத்தைப் பார்க்க. கருத்த வேரில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கள் நீலக் கயிறு நீளமாகக் கிடந்தது, இழுத்து முடித்தவர்கள் அப்படியே கீழே போட்டுவிட்டுப் போன மாதிரி. கரை மண் மாவு மாதிரி புழுதி. அதில் ஒரு காலடி இல்லை. சுற்றிலும் கடலை பிடுங்கின மொட்டைக் காடு, ஒளிந்துகொள்ள ஒரு வேலி கிடையாது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் அக்கா மகள் இருக்கிறாள், இன்ஜினியர், அவளிடம் இதைச் சொன்னேன். அழுத்தம் கூடினால் அப்படித்தான் சித்தி, அடைப்பு மொத்தமாக அந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு போகும், இழுப்பு விட்டு விட்டு வருவதற்கும் ஏதோ ஒரு பேர் சொன்னாள். சரிம்மா, ஒத்துக்கொள்கிறேன், அடுக்கி வைத்தது எந்த அழுத்தம் என்று கேட்டேன். அவள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்கே வெயில் சாய்வதற்குள் தண்ணீர் எங்கள் கொடிக்காலுக்கு வந்துவிட்டது. அந்தோணி மடையைத் திறந்துவிட்டு, பாத்திக்குள் இறங்கி, காலில் தண்ணீர் பட்டதும் குழந்தை மாதிரி சிரித்தார். நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். நன்றாக, வாய் விட்டு அழுதேன். கொடி பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்துவிட்டது. முனியாவது மண்ணாவது, போங்கடா என்று நினைத்துக்கொண்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லவே மாட்டேன். ஏதோ நடந்தது, நல்லது நடந்தது என்று விட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து எரிகிற கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பெரியசாமி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

அவர் உள்ளே வரவில்லை. வாசல்படிக்குக் கீழேயே நின்றார்.

"அம்மிணி, நீங்க சத்தியத்துக்குச் சொல்லோணும். இன்னிக்கு நான் எங்கீங்க நின்னுட்டு இருந்தேன்?"

"இதென்னங்க கேள்வி? கல்லு பக்கத்துல, வண்டியில சாஞ்சுக்கிட்டு. கை கட்டிக்கிட்டு நல்லா வேடிக்கை பார்த்தீங்க."

"எந்நேரமுமுங்களா?"

"எந்நேரமும்தான். நான்தான் உங்களையே பார்த்துக்கிட்டிருந்தேனே."

"அக்கட்ட நான் வரலீங்களே?"

"எங்கங்க வந்தீங்க? கயிறு ஓடுனப்பக்கூட நீங்க அசையலை."

அவர் இரண்டு கையையும் நீட்டி உள்ளங்கையை விரித்தார். வாசல் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு கையிலும் குறுக்கே தோல் உரிந்து சதை தெரிந்தது. என் கையில் இருந்த அதே காயம், என்னுடையதைவிட ஆழம். காயத்துக்குள் நீல நார் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கயிற்றை அவர் விரலால்கூடத் தொடவில்லை. நான் சாட்சி. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அந்தோணிதான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப் போய் அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"கை எரியறது பெருசில்லீங்க சாமி," என்றார் அந்தோணியிடம். "எம்பட பின்னால நின்னு இழுத்தவீங்க மூச்சு, இன்னும் எம்பட பிடரியில அடிச்சுட்டே இருக்குதுங்க. யாருன்னு திரும்பிப் பாக்கறதுக்குள்ள கவுறு வந்துருச்சுங்க."

வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே தள்ளிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை தண்ணீர் விடுவதற்கு முன்னாலும் சைபனைச் சுத்தம் செய்கிறோம். மேல் ஊர்க்காரர்களும் வருகிறார்கள், செடியைக் கீழே தள்ளுவது நின்றுவிட்டது, கரையில் ஏற்றிக் குப்புற அடுக்குகிறோம். கல்லுக்கு ராசம்மா பழம் வைக்கிறாள், வைக்கட்டும், நான் இப்போதும் கும்பிடுவதில்லை. எனக்கு முனியிடம் வேண்டுதலும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் ஒன்றும் இல்லை. மறுபடி அடைத்தால் மறுபடி திட்டுவேன். ஒரே ஒரு சட்டம் மட்டும் போட்டிருக்கிறேன். கை கட்டிக்கொண்டு கரையில் யாரும் நிற்கக் கூடாது. ஒன்று கயிற்றைப் பிடி, இல்லை வீட்டுக்குப் போ. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

பெரியசாமிதான் இப்போதெல்லாம் முதல் ஆளாக வருகிறார். வந்து கயிற்றின் கடைசியில் போய் நின்றுகொள்வார். முன்னால் வாங்க என்றால் வர மாட்டார். கயிற்றின் நுனியைப் பிடிக்க மாட்டார், தனக்குப் பின்னால் இரண்டு ஆள் பிடிக்கிற அளவுக்குக் கயிறு விட்டுத்தான் பிடிப்பார். ராசம்மா ஏலோ என்பாள், நாங்கள் ஐலசா என்று இழுப்போம். அவருக்குப் பின்னால் மிஞ்சுகிற அந்தக் கயிறு தரையில் கிடக்க வேண்டும் இல்லையா, கிடப்பதில்லை. நேராக, விறைப்பாக, இடுப்பு உயரத்தில் நிற்கும். நான் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வேன். எங்களுக்குத் தண்ணீர் வரவேண்டும். இழுக்கிறவர்கள் இழுக்கட்டும்.